கலைச்சொல்: முழங்கையிலும் முன்கையிலும் நரம்பு மாட்டிக்கொள்வதை 'நரம்பிடுக்கம்' எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நரம்பு மாட்டிக்கொள்ளும் நோய்க்குத் தமிழ்ச் சொல் கேட்டுக் கோலாலம்பூர் ஐயா தொடங்கிய இந்த இழையில் இதுவரை 'நரம்பு அழுத்தம்', 'நரம்புச் சிறை' என்று இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. நோயாளிகளுக்கான தமிழ்க் கையேடு அச்சுக்குப் போவதற்குள் ஒன்றை உறுதிசெய்தாக வேண்டும். இப்போதைக்கு மருத்துவமனையில் மலாயில் 'சராஃப் தெர்செப்பிட்' என்கிறார்கள். நம் ஆட்களும் அதைப் பிடித்துக்கொண்டு 'செப்பிட் ஆயிருச்சு' என்கிறார்கள். நான் பட்டர்வொர்த்தில் பிசியோவாக வேலை செய்பவள். என் மேசைக்கு வருகிறவர்களிடம் எது எடுபடுகிறது, எது எடுபடவில்லை என்பதை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் 'அழுத்தம்'. நீண்டகாலம் லாரி ஓட்டிய ஒருவர் வந்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போய், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே புறங்கைச் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. ஒரு காகிதத்தைக் கொடுத்து, இரண்டு கையிலும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துப் பிடிக்கச் சொன்னேன். இடக்கையில் கட்டைவிரல் நேராக இருந்தது. வலக்கையில் காகிதத்தை நான் இழுத்ததும் கட்டைவிரலின் நுனிக்கணு மடங்கிவிட்டது. பக்கவாட்டில் பிடிக்கும் தசைக்கு வலுவில்லாததால் வேறொரு நரம்பின் தசை வந்து கைகொடுக்கிறது. இதுதான் ஃப்ரோமான் சோதனை. "நரம்புல அழுத்தம் இருக்கு அண்ணே" என்றேன். "பிரஷர் தானே? அதுக்குத்தான் தினம் மாத்திரை போடுறேனே, தங்கச்சி" என்றார். அவர் அப்படிப் புரிந்துகொண்டதில் தவறே இல்லை. இரத்த அழுத்தம், மன அழுத்தம் என்று அந்தச் சொல் வேறு வேலைகளில் முழுநேரமும் இருக்கிறது. இன்னொரு வேலையையும் அதன் தலையில் கட்டினால் நோயாளிக்குத்தான் நட்டம்.

'சிறை' கேட்க அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நரம்பு எப்போதுமே தசைகளுக்கும் எலும்புக்கும் நடுவே அடைபட்ட வழியில்தான் ஓடுகிறது. அதனால் நோய் வருவதில்லை. கையை மடக்கி நீட்டும்போது நரம்பு முன்னும் பின்னும் வழுக்கி நகர வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் இருபுறமும் நெருக்கிப் பிடித்துக்கொண்டால் அது நகராது, அதற்குள் இரத்த ஓட்டமும் குறையும். அப்போதுதான் மரப்பும் வலியும். 'சிறை' என்ற சொல்லில் இந்த நெருக்கிப் பிடித்தல் வரவில்லை.

அதனால் 'இடுக்கம்' என்று முன்வைக்கிறேன்: நரம்பு + இடுக்கம், நரம்பிடுக்கம். கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டது என்கிறோம். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறோம். இரண்டு பக்கமும் ஏதோ இருந்து நடுவில் ஒன்று அகப்படுவதுதான் இடுக்கு. முழங்கையிலும் முன்கையிலும் நடப்பதைப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கத்து நரம்பு, மணிக்கட்டை உட்பக்கம் மடக்கும் ஒரு தசையின் இரு தலைகளுக்கு நடுவே நுழைகிறது. நடு நரம்பு, உள்ளங்கையைக் கவிழ்க்கும் தசையின் இரு தலைகளுக்கு நடுவே நுழைகிறது. கட்டைவிரல் பக்கத்து நரம்பான ஆரை நரம்பின் ஆழ்ந்த கிளை, உள்ளங்கையை மல்லாத்தும் தசையின் இரு அடுக்குகளுக்கு நடுவே போகிறது. அதன் மேலோட்டமான கிளை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு தசைநாண்களுக்கு இடையிலிருந்து தோலடிக்கு வருகிறது. நான்கும் 'இரண்டுக்கு நடுவே'. உடற்கூறே இந்தச் சொல்லைக் கேட்கிறது என்பது என் துணிபு. மலாயின் 'செப்பிட்' சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான், எனவே ஏற்கெனவே அந்தச் சொல்லோடு பழகியவர்களுக்கும் சிரமம் இராது.

'ஒடுக்கம்' போதாதா என்று ஈப்போ ஆசிரியர் கேட்டிருந்தார். குழாய், வால்வு, தண்டுவட வழி ஆகியவை குறுகுவதற்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. வழி ஒடுங்கலாம், அதனால் நரம்பு இடுங்கலாம். முன்னது காரணம், பின்னது விளைவு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதே வசதி.

அடுத்து 'சுரங்கம்' பற்றி. முழங்கை, முன்கைப் பகுதியில் அதிகம் பார்ப்பது முழங்கையின் உட்பக்க எலும்பு முனைக்குப் பின்னால் நேரும் இடுக்கம்தான். கையில் வரும் நரம்பிடுக்கங்களில் மணிக்கட்டுக்கு அடுத்தபடி இதுவே அதிகம். எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடிக்குமே, அந்த இடம். அந்த வழியின் கூரையாக ஒரு நார்ப்பட்டை இருக்கிறது. மருத்துவர் ஆஸ்போர்ன் 1957-இல் அதைச் சுட்டிக்காட்டினார். மறு ஆண்டே ஃபைண்டலும் ஸ்ட்ராட்ஃபோர்டும் இந்த நோய்க்கு 'கியூபிடல் டனல்' என்ற இன்றைய ஆங்கிலப் பெயரை வைத்தார்கள். அவர்கள் எடுத்த லத்தீன் சொல்லுக்கு முழங்கை என்று பொருள், அதுவே முழ அளவுக்கும் பெயர். நமக்கும் முழமும் முழங்கையும் ஒரே வேர். ஆக முதற்பாதி நம்மிடம் தயாராகவே இருக்கிறது. பிற்பாதிக்குச் 'சுரங்கம்' என்றால் கோலாலம்பூர்க்காரர்களுக்கு எம்ஆர்டி ரயில்தான் நினைவுக்கு வரும். 'குகை' என்றால் பத்துமலை. 'புழை' சிறியது, துளை என்றும் குறுகிய வாயில் என்றும் பொருள் தருவது, யானையைப் 'புழைக்கை' என்ற மரபும் உண்டு. 'முழங்கைப் புழை நரம்பிடுக்கம்' என்று எழுதிப் பாருங்கள், கனமாக இல்லை.

இதோடு கையேட்டில் ஒரு வரி சேர வேண்டும்: முழங்கையை மடக்கினால் புழை குறுகும், நரம்பும் இழுபடும். இரவில் கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குகிறவர்களுக்கும், காதில் போனை வைத்தே மணிக்கணக்கில் பேசுகிறவர்களுக்கும் மரப்பு கூடுவது இதனால்தான். முழங்கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுக்கச் சொல்கிறேன், ஆரம்ப நிலையில் பலருக்கு அதுவே பலன் தருகிறது. சதை வற்றத் தொடங்கிவிட்டால் துண்டோடு நிற்கக் கூடாது, அறுவை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

நரம்புகளின் பெயருக்கு ஆரை, அரந்தி என்று எலும்பை ஒட்டியும் நடு என்று இடத்தை ஒட்டியும் புழங்கும் சொற்களையே வைத்துக்கொள்ளலாம். 'அரந்தி நரம்பு' என்ற இடத்தில் முதல் தடவை மட்டும் 'சுண்டுவிரல் பக்கத்து நரம்பு' என்று விளக்கம் கொடுத்தால் போதும். தசைகளுக்குக் 'கவிழ்தசை', 'மலர்தசை' என்று நான் எழுதி வருகிறேன். ரொட்டி சானாய் போடுபவர் மாவை வீசும்போது உள்ளங்கை கவிழ்வதும் மலர்வதும் கண்ணுக்கே தெரியும், அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு சொற்களையும் விளக்கவே வேண்டியதில்லை.

அப்படியானால் நடு நரம்பு மேலே மாட்டிக்கொள்வது 'கவிழ்தசை நரம்பிடுக்கம்'. இதை, இதே நரம்பு மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் மணிக்கட்டு நோயோடு குழப்பிக்கொள்வது சகஜம். இதில் உள்ளங்கையின் அடிப்பகுதியும் மரக்கும், ஏனென்றால் அந்தத் தோலுக்கான கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்து உட்காருவது மணிக்கட்டு நோயில்தான் அதிகம்.

இடுக்கம் என்ற சொல்லை எங்கே போடக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பேன். கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகளைச் சேர்த்து வட்டம் போடச் சொன்னால் வட்டம் வராமல், விரல்கள் தட்டையாக ஒட்டிக்கொள்ளும் ஒரு நோய் உண்டு. மரப்பே இராது. கிலோ, நெவின் என்ற இரு மருத்துவர்கள் 1952-இல் விவரித்தது. பல பேருக்கு இது நரம்பின் அழற்சியால் வருகிறது, எதுவும் நெருக்கிப் பிடிப்பதில்லை. இதற்கு 'முன்கை முன்நரம்பு வலுவிழப்பு' என்று நடப்பதை மட்டும் சொல்லும் பெயர் போதும். 'தளர்ச்சி' வேண்டவே வேண்டாம். 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரங்கள் அந்தச் சொல்லுக்குச் செய்திருக்கும் கேடு கொஞ்சநஞ்சமல்ல, அதைக் கேட்டதும் நோயாளியின் முகமே மாறிவிடும்.

இன்னொன்று தொழுநோய். அதில் மிக அதிகம் தாக்கப்படுவது இதே அரந்தி நரம்பு, இதே முழங்கைப் பக்கம். விரல் வைத்துத் தடவினால் கயிறு மாதிரி தடித்திருக்கும். 1930-இல் சுங்கை பூலோ குடியிருப்பைத் தொடங்கிய நாடு இது, நம் ஊருக்குப் புதிய நோயல்ல. சுண்டுவிரல் மரப்பு என்றதும் எல்லாவற்றையும் 'இடுக்கம்' என்று முடித்துவிட்டால், தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் போய்விடும். அங்கே 'நரம்புத் தடிப்பு' என்று வேறாகவே எழுதுவோம்.

மலர்தசையில் நேர்வதை 'மலர்தசை நரம்பிடுக்கம்' எனலாம்: விரல்களை நிமிர்த்த முடியாது, மரப்பு இல்லை, மணிக்கட்டைத் தூக்கினால் கட்டைவிரல் பக்கம் சாயும். இறுக்கமான கடிகாரப் பட்டையால் புறங்கை எரிவதற்கு 1932-இல் எழுதிய வார்டன்பெர்க்கின் பெயரை வைத்திருக்கிறார்கள். நாம் 'ஆரை மேல்கிளை நரம்பிடுக்கம்' என்றே எழுதலாம். ஆட்பெயர்கள் சோதனைகளுக்கு இருக்கட்டும், நோய்களுக்கு வேண்டாம்.

எனக்கு இன்னும் முடிவுக்கு வராதது ஒன்றுதான். முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசைக்குள் ஆழமாக வலிக்கும், வலு குறையாது. 1972-இல் ரோல்ஸும் மாட்ஸ்லியும் இதை, ஆறாத டென்னிஸ் முழங்கையில் நரம்பின் பங்கு என்று எழுதினார்கள். நரம்புச் சோதனைக் கருவியில் பெரும்பாலும் எதுவும் தெரியாது, அதனால் இப்படி ஒரு நோய் உண்டா என்ற வாதமே இன்னும் ஓயவில்லை. இடுக்கம் என்று எழுதினால் தீர்ப்புச் சொன்னது போல ஆகிவிடும். 'ஆரைப் புழை வலி' என்று எழுதலாமா? எலும்பு மருத்துவம் பார்ப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால் இதற்குப் பதில் எழுதுங்கள், மற்ற சொற்களுக்கு ஆட்சேபம் வராவிட்டால் அவற்றை அப்படியே கையேட்டுப் பிரதியில் சேர்த்துவிடுகிறேன்.