சிமெண்ட் வேலையால் அம்மாவின் கை பாளம் பாளமாக வெடித்திருக்கிறது, எதைப் போட்டும் ஆறவில்லை

சித்தாள் மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 46 வயது. பதினைந்து வருஷமாகச் சித்தாள் வேலை. கலவை போடுவது, சட்டி தூக்குவது, பூச்சு வேலையில் கொத்தனாருக்குச் சாந்து அள்ளிக் கொடுப்பது எல்லாமே வெறுங்கையில்தான். கை காய்த்துப் போவது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. ஆனால் தை மாதத்திலிருந்து இரண்டு கட்டைவிரலும் ஆள்காட்டி விரல் மடிப்பும் வெடித்து ரத்தம் கசிகிறது. ராத்திரி சோறு பிசையும்போது குழம்பு பட்டதும் கையை உதறிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். போன வாரம் ரேஷன் கடையில் எந்த விரலை வைத்தும் ரேகை விழவில்லை. நான் போய் என் விரலை வைத்துத்தான் அரிசி வாங்கினோம்.

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்தது, மெழுகு உருக்கி வெடிப்பில் விட்டது எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டில் பித்த வெடிப்பு என்கிறார்கள். வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. தயவுசெய்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோல் வார்டு செவிலி:
சில கேள்விகள், பதில் சொல்லும்மா. இரண்டு கையிலும் இருக்கிறதா, ஒரு கையில் மட்டுமா? புறங்கையில் அரிப்போ சிவப்போ உண்டா? நகம் தடித்திருக்கிறதா? பாதம் எப்படி இருக்கிறது? சர்க்கரை பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது?

இரண்டு பாதத்திலும் ஒரு கையில் மட்டும் தோல் உரிந்தால் படர்தாமரை வகைப் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. அதனால்தான் முதலில் இதைக் கேட்கிறேன்.

சித்தாள் மகள்:
இரண்டு கையிலும் இருக்கிறது அக்கா. பாதம், நகம் நன்றாக இருக்கின்றன. புறங்கையிலும் மணிக்கட்டிலும் சிவந்து பொரிப்பொரியாக இருக்கிறது, ராத்திரி அரிப்பு தாங்காமல் சொறிகிறார். சர்க்கரை பார்த்ததே இல்லை.

27 வருஷக் கொத்தனார்:
பித்தம் எல்லாம் இல்லை தங்கச்சி, சிமெண்ட் அரித்திருக்கிறது. எங்கள் செட்டில் பாதிப் பேருக்கு இது வந்து போயிருக்கிறது. நாங்கள் சாயங்காலம் கை கழுவியதும் புளித்தண்ணீரோ எலுமிச்சை மூடியோ போட்டுத் தேய்ப்போம். சுண்ணாம்பை அது முறித்துவிடும். சிலர் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுவார்கள், அது மட்டும் வேண்டாம். கையைக் காயவைத்து நாசமாக்கும், நான் பட்டிருக்கிறேன்.

டைல்ஸ் தம்பி:
என் அண்ணனுக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. பேர் கேட்டுச் சொல்லவா?

தோல் வார்டு செவிலி:
தம்பி, அந்தப் பேர் வேண்டாம். மூன்று நாளில் அடங்குகிறது என்றால் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு கலந்த க்ரீமாகத்தான் இருக்கும். சரியான நோய்க்குச் சரியான நாள் கணக்கில் மருத்துவர் எழுதித் தந்தால் அது நல்ல மருந்து, நாங்களே கொடுக்கிறோம். கடையில் கேட்டு மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து இன்னும் சுலபமாகக் கிழியும். பூஞ்சையாக இருந்துவிட்டால் வெளியே அடங்கியது போலக் காட்டிவிட்டு உள்ளே பரவும். இப்படி வருபவர்களை நான் தினமும் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

சிமெண்ட் என்று கொத்தனார் அண்ணன் சொன்னது சரி. நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் அளவில் கிட்டத்தட்ட 5. தண்ணீர் சேர்ந்த சிமெண்ட் கடும் காரம், 12, 13 வரை போகும். அந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. அது தோலின் மேல் இருக்கும் கொழுப்பைக் கரைத்துவிடும். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, அதனால் போனதை ஈடுகட்ட அங்கே எதுவும் ஊறி வராது. காய்த்த தோல் வறண்டதும் வளையாது, விரலை மடக்கினால் பிளக்கும். வெடிப்பு மடிப்புகளில் வருவது அதனால்தான். கூடவே மணலும் உரசிக்கொண்டே இருக்கிறது.

எலுமிச்சை பற்றி ஒன்று, அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. முறிக்கும் என்பது உண்மைதான். ஆனால் திறந்த வெடிப்பில் அது எரிச்சலைக் கூட்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் வெந்தது போல் கறுத்துக் கொப்புளிக்கும். நிறைய நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் முதல் வேலை. அதையும் சாயங்காலம் வரை தள்ளிப்போடாமல், சாந்து பட்டவுடனே செய்ய வேண்டும். சிமெண்ட் தோலைச் சுடும்போது பெரும்பாலும் உடனே வலி தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். எரியவில்லை என்பதால் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இன்று ராத்திரியிலிருந்து இதைச் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் கையை வைத்திருந்து, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாசனை இல்லாத வாஸ்லினைக் கெட்டியாக அப்பி, பழைய பருத்திச் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்கட்டும். எண்ணெயும் நல்லதுதான், ஆனால் ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதில் வாஸ்லின் அதைவிடப் பலமானது. வெடிப்பு மூடிய பிறகு யூரியா 10 அல்லது 20 சதவீதம் உள்ள க்ரீம் காய்ப்பை மெதுவாக்கும். இப்போதே போட்டால் பயங்கரமாக எரியும், அம்மா டப்பாவையே தூக்கிப் போட்டுவிடுவார். துணி துவைக்கும் சோப்பில் கை கழுவுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மெழுகும் வேண்டாம், அழுக்கை உள்ளே வைத்து மூடிவிடும்.

அரிப்பும் பொரியும் இருப்பதால் தோல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். போகும்போது சர்க்கரையும் பாருங்கள். டிடி ஊசி, அதாவது தனுர்வாதத் தடுப்பூசி, எப்போது போட்டார் என்று கேளுங்கள், வெடித்த கையில் மண்ணும் துருவும் படுகிறது. சீழ், வீக்கம், காய்ச்சல், கையில் மேலே ஏறும் சிவப்புக் கோடு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

27 வருஷக் கொத்தனார்:
கோபம் ஒன்றும் இல்லைம்மா. வெயிலில் நின்றுகொண்டே எலுமிச்சை தேய்த்து என் கையும் கறுத்திருக்கிறது, அதுவும் சிமெண்ட்தான் என்று நினைத்திருந்தேன்.

தங்கச்சி, கையுறை விஷயத்தை நான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய உறை மணலுக்குப் பத்து நிமிஷம் தாங்காது. முழங்கை வரை வரும் தடித்த நைட்ரைல் (ஒரு செயற்கை ரப்பர்) அல்லது ரப்பர் உறை வாங்கு. உள்ளே பருத்தி உறை ஒன்று போட்டால் வியர்வையை அது குடித்துக்கொள்ளும், மத்தியானம் மாற்ற இன்னொரு ஜோடி வேண்டும். முக்கியமாக, உறைக்குள் சாந்து இறங்கிவிட்டால் வெறுங்கையைவிட மோசம், நாள் பூரா உள்ளேயே கிடந்து அரிக்கும். கழற்றும் முன் உறையை வெளியே கழுவிவிட்டுக் கழற்ற வேண்டும்.

சித்தாள் மகள்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. உறை போட்டால் சட்டி வழுக்குகிறது, மேஸ்திரி ஒரு மாதிரி பார்க்கிறார் என்று அம்மா மறுக்கிறார். ஒரு நாள் கூலி போனாலும் எங்களுக்குக் கஷ்டம். எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

27 வருஷக் கொத்தனார்:
மேஸ்திரியிடம் அம்மாவைக் கேட்கச் சொல்லாதே, நீயே போய்க் கேள். மூன்று வாரத்துக்குக் கலவைப் பக்கம் விடாமல் செங்கல் எடுத்துக் கொடுப்பது, ஜல்லி அள்ளுவது, பூச்சுக்குத் தண்ணீர் அடிப்பது என்று சாந்தில் கை வைக்காத வேலையாகக் கொடுக்கச் சொல். தண்ணீர் அடிப்பதற்கும் உறை வேண்டும், ஈரப் பூச்சிலிருந்து வடிவதும் சுண்ணாம்புத் தண்ணீர்தான். கூலியை நீ முதலில் பேசாதே. அனுபவமுள்ள சித்தாளை இழக்க எந்த மேஸ்திரிக்கும் மனசு வராது. வழுக்குவதற்கு, உள்ளங்கையில் சொரசொரப்பு உள்ள உறை கிடைக்கிறது.

சித்தாள் மகள் (24 நாள் கழித்து):
தாமதத்துக்கு மன்னிக்கவும். மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார். கையைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை, செங்கல் பக்கம் மாற்றிவிட்டார். கூலி குறையவில்லை. வாஸ்லின் போட்டு ஆறாம் நாளே ரத்தம் நின்றது, இரண்டு கட்டைவிரலும் மூடிவிட்டன. இப்போது யூரியா க்ரீம். சர்க்கரை இல்லை. அம்மா சோறு பிசைந்து சாப்பிடுகிறார்.

ஆனால் அரிப்பு முழுதாகப் போகவில்லை. அரசு மருத்துவமனையில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க முதுகில் பட்டைப் பட்டையாக மருந்து ஒட்டி, இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது என்று அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்துவிட்டுக் குரோமியம் ஒவ்வாமை என்றார்கள். பத்து நாளுக்கு ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதியிருக்கிறார்கள். இது குணமாகுமா அக்கா?

தோல் வார்டு செவிலி:
கை மூடியதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம்மா. களிம்பைச் சொன்ன நாள் மட்டும் போடுங்கள், பயப்பட வேண்டாம்.

ஒவ்வாமை பற்றி மறைக்காமல் சொல்கிறேன். சிமெண்டில் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற, ஒவ்வாமை தரும் குரோமிய வகை கொஞ்சம் இருக்கிறது, தோல் ஒருமுறை அதை எதிரியாகப் பழகிவிட்டால் அநேகமாக மறக்காது. ஐரோப்பிய நாடுகளில் 2005 ஜனவரியிலிருந்து பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் அது கரையக் கூடாது என்று சட்டம் வைத்து, சிமெண்டில் இரும்பு சல்பேட் கலக்கிறார்கள். அதன் பிறகு அங்கே இந்த ஒவ்வாமை குறைந்தது. இங்கே நம் கையில் இருப்பது உறையும் வேலை மாற்றமும்தான். ஈரச் சிமெண்ட் இல்லாத வேலை நிரந்தரமாகக் கிடைத்தால் அதற்கு முயற்சி செய்யுங்கள். வெளியே ஆறியதாகத் தெரிந்தாலும் தோலுக்குப் பழைய வலு வர மாதங்கள் ஆகும், வாஸ்லினை நிறுத்திவிடாதீர்கள்.

தோல் உறை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். தோலைப் பதப்படுத்தவும் பெரும்பாலும் குரோமியம்தான் போடுகிறார்கள்.

டைல்ஸ் தம்பி:
அக்கா, என் அண்ணன் போடுவது தோல் உறைதான். அவரையும் திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன். அந்த க்ரீமையும் எடுத்துப் போய்க் காட்ட வேண்டுமா?

தோல் வார்டு செவிலி:
டியூப், உறை இரண்டையும் எடுத்துப் போ தம்பி. எத்தனை மாதம் தடவினார் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்.