மறு: பித்தளை ஊதுகருவிகளின் லேக்கர் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். பித்தளை ஊதுகருவிகள் கருக்காமலிருக்க அவற்றின் மேல் பூசும் மெல்லிய காப்புப் படலமே லேக்கர் (lacquer). கருவிப் பராமரிப்புக் குறிப்பில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற பேச்சில், ஒருவர் கேட்டது இது:

> 'அரக்குப்பூச்சு' என்றே வைத்துக்கொள்ளலாமே? வேர் அதுதானே?

லேக்கர் என்ற சொல்லின் வேர் அதுதான் ஐயா, பொருள் அதுவல்ல. அரக்கு பூச்சியிலிருந்து கிடைப்பது. டிரம்பெட், சாக்சபோன் மேல் இருப்பதோ முன்பு நைட்ரோசெல்லுலோஸ், இப்போது பெரும்பாலும் எப்பாக்சி அல்லது அக்ரிலிக் என்ற செயற்கைப் பிசின். பித்தளையின் நிறம் தெரியும்படி மெல்லியதாகத் தெளித்து இறுகவைப்பார்கள். அரக்கு என்றால் நமக்கு முத்திரைதான் நினைவுக்கு வரும். 'லாக்கர்' என்று எழுதினால் வங்கிக்குப் போய்விடுவோம்.

இன்னொருவர் முன்வைத்த 'மெருகு'தான் எனக்குப் பெரிய கவலை. "மெருகு மங்கியது" என்று படித்தால் நம் வீட்டில் என்ன செய்வோம்? புளியை எடுத்துத் தேய்ப்போம். குத்துவிளக்குக்கு அது சரி, அங்கே வெறும் பித்தளைதான். டிரம்பெட்டில் நம் கை படுவது பித்தளை மேல் அல்ல, அதை மூடியிருக்கும் படலத்தின் மேல். பிராசோ என்ற உலோக மெருகுத் திரவம் போட்டுத் தேய்த்தால் அதிலுள்ள நுண்துகள்கள் முதலில் அரிப்பது அந்தப் படலத்தைத்தான். படலம் போனபின் காற்றும் ஈரமும் உலோகத்தைத் தொடும், கருக்கத் தொடங்கும். பராமரிப்புக் குறிப்பில் வரப்போகும் சொல், படிப்பவரைத் தேய்க்கத் தூண்டக்கூடாது. துடைக்கச் சொல்ல வேண்டும்.

உண்மையில் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். ஊதி முடித்ததும் மென்துணியால் வியர்வையைத் துடைக்க வேண்டும். வியர்வையின் உப்பும் அமிலமும்தான் முதல் எதிரி, அதனால்தான் வால்வுகளைச் சுற்றிக் கை பிடிக்கும் இடத்தில் முதலில் பெயர்கிறது. அந்த இடத்தில் கருவிக்குத் தோலுறை போட்டிருந்தால் அவ்வப்போது கழற்றி உலர்த்த வேண்டும், இல்லையேல் அடியில் ஈரம் தங்கி அங்கேயே பூச்சு போய்விடும். கழுவ வெதுவெதுப்பான நீர் போதும். கொதிநீர் பட்டால் பூச்சு உரியக்கூடும்.

என் பரிந்துரை: தெளிபூச்சு. வினைத்தொகை என்பதால் தெளிந்த பூச்சு, தெளித்த பூச்சு என இரண்டு பொருளும் உள்ளே அடங்குகின்றன, இரண்டும் இங்கே உண்மை. நிறமேற்றிய வகையைப் 'பொன்னிறத் தெளிபூச்சு' எனலாம். பூச்சே இல்லாத கருவி 'வெறும்பித்தளை'.

'முலாம்' என்பதை உலோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். வெள்ளி முலாம் கறுத்தால் அதற்குரிய துணியால் மெல்லத் தேய்க்கலாம், தெளிபூச்சைத் தேய்க்கவே கூடாது. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும்.

பூச்சு பெயர்ந்த இடத்தில் பச்சையாகப் படிவதற்குப் புதுச்சொல் தேவையில்லை, 'களிம்பு' இருக்கிறது. செம்பில் களிம்பு என்ற உவமை சைவ சித்தாந்தம் படித்தவர்க்கெல்லாம் தெரிந்ததே.

சொல் தேவைப்படுவது வேறொன்றுக்கு. வாய்ப்பக்கக் குழாயின் உள்ளே எச்சிலும் ஈரமும் தேங்கினால் பித்தளையின் துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் மிஞ்சி, வெளியே இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். இது உள்ளிருந்து வருவதால் எந்த வெளிப்பூச்சும் தடுக்காது. ஊதியபின் நீரை வடித்து, குழாயின் உட்புறத்தை அடிக்கடி சுத்தம் செய்வதே வழி. இதற்குச் 'செவ்வரிப்பு' என்று வைத்திருக்கிறேன். உலோகவியல் படித்தவர்கள் இதை ஒப்புகிறீர்களா? 'துத்தநாக இழப்பு' என்றால் காரணம் விளங்கும், ஆனால் வாசிப்பவர் கண்ணில் படுவது அந்தச் சிவப்புத்தான். அதனால் என் வாக்கு செவ்வரிப்புக்கே.

அன்புடன்