1 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க் சாகப் பார்க்கிறது, செக் டிஸ்க் ஓட்டலாமா?

மஞ்சக்குப்பம் கேமரா:
கடலூரில் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறேன். 1 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒன்று சில நாளாக இழுக்கிறது. ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது, காப்பி போட்டால் நல்ல வேகத்தில் போய்த் திடீரென்று சைபருக்கு வந்து நின்றுவிடுகிறது. கேபிளை மாற்றியாச்சு, வேறு லேப்டாப்பிலும் போட்டாச்சு, அதே கதைதான். டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரில் மஞ்சள் காட்டுகிறது: 05 சைபர், சி7 சைபர், சி5-க்கு நேராக மட்டும் 1ஏ8. கடையில் கேட்டால் செக் டிஸ்க் ஓட்டு என்கிறார்கள், நண்பர் ஒருவர் ஃபிரிட்ஜில் வை என்கிறார். ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு இன்னும் ஆல்பமே கொடுக்கவில்லை, பெண் வீட்டார் தினமும் போன். என்ன செய்யட்டும்?

லாஸ்பேட்டை லினக்ஸ்:
முதலில் அதைக் கழற்றி வையுங்கள் அண்ணா. சும்மா செருகி வைத்தாலே விண்டோஸ் தம்ப்நெயில் அது இது என்று படித்துக்கொண்டே இருக்கும்.

சி5-இல் வந்த 1ஏ8 ஹெக்ஸ் எண் (16-ஐ அடியாகக் கொண்டது), சாதாரண கணக்கில் 424. அத்தனை செக்டாரை, அதாவது டேட்டா எழுதும் குட்டிக் கட்டங்களை, படிக்க முடியாமல் டிஸ்க் நிலுவையில் வைத்திருக்கிறது. மாற்று இடம் கொடுத்த செக்டார்களை எண்ணும் 05 சைபர் என்று ஆறுதல் அடைய வேண்டாம், அந்த இடங்களில் எதையாவது எழுதும்போதுதான் டிஸ்க் அவற்றைச் சோதித்து, தேறாததற்கு மாற்று இடம் ஒதுக்கும், அப்போதுதான் 05 ஏறும். சி7 உள்ளே இருக்கும் சாட்டா இணைப்பின் கோளாறை எண்ணுவது, யுஎஸ்பி கேபிளை அல்ல, அதனால் நீங்கள் கேபிளை மாற்றிப் பார்த்தது நல்லதுதான்.

செக் டிஸ்க் வேண்டவே வேண்டாம். அது ஃபைல் சிஸ்டத்தை (எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கை) ஒழுங்குபடுத்தத்தான், உங்கள் போட்டோ முழுசாக வந்ததா என்பது அதன் கவலை இல்லை. அதோடு ஸ்லாஷ் ஆர் போட்டால் டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும், போதாக்குறைக்கு அதே டிஸ்கில் எழுதவும் செய்யும். ஃபிரிட்ஜ் அதைவிட மோசம். டிஸ்கில் காற்றுக்கு ஒரு சின்னத் துளை உண்டு, வெளியே எடுத்ததும் நம்ம ஊர் ஈரக்காற்று தட்டின் மேலேயே வேர்க்கும்.

செய்ய வேண்டியது குளோன், டிஸ்கை அப்படியே இன்னொன்றில் நகலெடுப்பது. 2 டிபி புது டிஸ்க் வாங்குங்கள், லினக்ஸ் லைவ் பென் டிரைவில் (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுவது) பூட் செய்து, பழையதை மவுண்ட் பண்ணாமல், அதாவது ஃபோல்டராகத் திறக்காமல், கெட்ட டிஸ்கிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவை ஓட்டுங்கள். முதல் சுற்றில் 'மைனஸ் என்' கொடுத்தால் கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப்போய் நல்லதை எல்லாம் எடுத்துவிடும், மிச்சத்தை அடுத்த சுற்றில் 'மைனஸ் ஆர்3' கொடுத்துக் கேட்கலாம். எது வந்தது, எது பாக்கி என்று அது குறித்து வைக்கும் மேப் ஃபைலைக் கண்டிப்பாக வேறொரு பென் டிரைவில் சேமியுங்கள், லைவ் சிஸ்டத்திலேயே விட்டால் ரீஸ்டார்ட்டில் போய்விடும், எங்கே விட்டோம் என்று அதற்குத் தெரியாது. எது பழசு, எது புதுசு என்பதை டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்டில் சீரியல் நம்பரோடு பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றிக் கொடுத்தால் கதை முடிந்தது.

கெடிலக்கரை:
ப்ரோ, மெமரி கார்டுகளைப் பார்த்தீர்களா? ஃபார்மட் செய்திருந்தாலும் மேலே புதுசாக எடுக்காதவரை அழிந்த ஃபைலை மீட்கும் ஃபோட்டோரெக் சாஃப்ட்வேர் பெரும்பாலும் எடுத்துக் கொடுக்கும். ஆல்பம் டிசைன் பண்ணுபவருக்கு செலக்‌ஷன் அனுப்பியிருந்தால் அவர் சிஸ்டத்திலும் இருக்கும். டிஸ்கோடு போராடுவதற்கு முன்னால் அங்கே ஒரு போன் போடுங்கள்.

முத்தியால்பேட்டை சர்வீஸ்:
சத்தம் எப்படி? சீராக டிக், டிக் என்று தட்டினால் தட்டைப் படிக்கும் ஹெட் போய்விட்டது, டிடிரெஸ்க்யூவும் ஓட்டாதீர்கள், கிளீன் ரூம் (தூசியில்லாத அறை) உள்ள டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும். வீட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. அதே மாடல் சர்க்யூட் போர்டை வாங்கி மாட்டலாம் என்பார்கள், அதுவும் பெரும்பாலும் நடக்காது, ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கும், அந்தச் சிப்பையும் மாற்றிச் சால்டர் செய்ய வேண்டும்.

மஞ்சக்குப்பம் கேமரா:
தட்டும் சத்தம் இல்லை, அதனால் துணிந்தேன். டிசைனரிடம் ஆவணிக் கல்யாணத்தின் செலக்‌ஷன் அப்படியே இருக்கிறது, பாதி உயிர் வந்தது. டிடிரெஸ்க்யூ முதல் சுற்று முடிந்தது, கொஞ்சம்தான் பாக்கி. நடுவில் கரண்ட் போனது, மேப் ஃபைல் இருந்ததால் விட்ட இடத்திலிருந்தே ஓடியது. டிஸ்குக்கு வாரண்டி இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா?

லாஸ்பேட்டை லினக்ஸ்:
இப்போது வேண்டாம். வாரண்டியில் வேறு டிஸ்க் கிடைக்கும், டேட்டா கிடைக்காது. மிச்ச சுற்றையும் முடித்து, குளோனை ரீட் ஒன்லியாக மவுண்ட் பண்ணி, வீடியோக்களைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள், கெட்ட செக்டார் பெரிய ஃபைலில்தான் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் அனுப்பலாம்.