நாய் உண்ணியில இருந்து வைரஸ் காய்ச்சல் வருமா? அம்மா நாய வெளிய விடச் சொல்றாங்க

கொடுங்கையூர்_ரேவதி:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் அப்பாவுக்கு நல்ல காய்ச்சல், அஞ்சு நாளா எறங்கவே இல்ல, டெங்கு எடுத்தா நெகட்டிவ், மலேரியாவும் இல்ல, ப்ளேட்லெட் மட்டும் 70,000க்கு வந்துடுச்சு. முதல்ல போன ஆஸ்பத்திரில வைரல் ஃபீவர்னு சொல்லி பாராசிட்டமால் குடுத்து அனுப்பிட்டாங்க. அப்புறம் வேற டாக்டர் பார்த்து உண்ணிக் காய்ச்சலா இருக்கும்னு டாக்சிசைக்ளின் குடுத்தார், ரெண்டே நாள்ல விட்டுடுச்சு. ஆனா உண்ணின்ற வார்த்தைய கேட்டதுல இருந்து அம்மா எங்க நாய் ராக்கிய தொரத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. அவன் மேல உண்ணி இருக்குறது உண்மைதான், செவுத்துல கூட ஏறுது. இதுல நானும் போன்ல தேடிப் பாத்துட்டேன், உண்ணில இருந்து புதுப்புது வைரஸ்லாம் வருதாம், இன்னும் பயம். நம்ம ஏரியா நாய் உண்ணிய யாராச்சும் டெஸ்ட் பண்ணுவாங்களா?

ராயபுரம்_பாய்ஸ்:
இன்னா தங்கச்சி இதுக்குப் போயி நாய தொரத்துறதா. கெரசின்ல பஞ்ச நனைச்சு உண்ணி மேல வெச்சா அதுவே வுழுந்துடும். எங்க வூட்ல மூணு நாய் கீது, ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல.

மாதவரம்_வெட்:
அண்ணே கெரசின் வேணாம், தீக்குச்சியும் வேணாம். உண்ணிய சீண்டினா உள்ள இருக்குற எச்சில கடிச்ச எடத்துலயே கக்கிடும்ன்றதால தான் சொல்றோம். ட்வீஸர்ல தோலோட ஒட்டிப் புடிச்சு நேரா இழுக்கணும், வெரலால நசுக்கக் கூடாது.

ரேவதி அக்கா, பேருதான் இங்க குழப்பம். தமிழ்ல உண்ணிக் காய்ச்சல்னு பேப்பர்ல போடுறது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அது நாய் உண்ணியால வர்றதே இல்ல, கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணியோட குஞ்சு கடிச்சு வரும், எலி சுத்துற புதர், புல்லு, காலி மனை இங்கதான் இருக்கும். அதுவும் வைரஸ் இல்ல, பாக்டீரியா, அதனாலதான் டாக்சிசைக்ளினுக்கு உடனே கேட்டுது. அப்பா உடம்புல அக்குள், இடுப்பு, தொடை இடுக்குல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருந்துச்சானு பாருங்க.

அதுக்காக நாய் உண்ணி சாதுனு சொல்ல வரல. இந்தியன் டிக் டைஃபஸ்னு ஒண்ணு இருக்கு, அத பரப்புறது இதே பழுப்பு நாய் உண்ணிதான். அமெரிக்கால அரிசோனால 2003ல ராக்கி மௌண்டன் காய்ச்சல்னு ஒரு உண்ணி நோய் வந்தப்ப, அங்க இந்த நோய பரப்புறது இந்த நாய் உண்ணினு யாரும் எதிர்பாக்கல, தெரு நாய் நெறைய திரியிற ஊருங்க, வீட்டு வாசல்லயே உண்ணி. அதுவும் பாக்டீரியாதான்.

வண்ணாரப்பேட்ட_லேப்:
நான் லேப்ல வேல பாக்குறேன், வைரஸ் விஷயத்த நான் சொல்றேன். நம்ம நாட்டுல உண்ணி வைரஸ்னா ரெண்டு பேருதான் முதல்ல வரும். ஒண்ணு குரங்குக் காய்ச்சல், 1957ல கர்நாடகா ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டுல குரங்குங்க செத்து விழுந்தப்ப கண்டுபுடிச்சது. இன்னொண்ணு கிரிமியன் காங்கோ காய்ச்சல், 2011ல குஜராத்ல வந்துச்சு, பேஷண்ட பாத்த டாக்டரும் நர்ஸும் கூட செத்துட்டாங்க. ரெண்டுமே காட்டு உண்ணி, மாட்டு உண்ணி கதை, ராக்கி மேல இருக்குறது வேற இனம்.

ஆனா நீங்க கேட்ட கேள்வி சரியான கேள்வி. அமெரிக்கால மிஸோரில 2009ல ரெண்டு விவசாயிங்களுக்கு உங்கப்பா மாதிரியே காய்ச்சல், ப்ளேட்லெட் எறங்கிடுச்சு, உண்ணி கடிச்சிருக்குனு டாக்சிசைக்ளின் குடுத்தாங்க, கேக்கல. கேக்கலன்றதாலதான் ரத்தத்த மேல அனுப்பி பாத்தாங்க, ஹார்ட்லேண்ட்னு புது வைரஸ். இங்க டெங்கு நெகட்டிவ் வந்தா வைரல் ஃபீவர்னு ஃபைல மூடிடுறோம், அந்த சேம்பிள எடுத்து வெச்சு பாத்தாதான் புதுசு எதாவது மாட்டும். அதுவும் முதல் வாரத்துலதான் ரத்தத்துல வைரஸ் நல்லா கெடைக்கும், அப்புறம் ரெண்டு மூணு வாரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவ ரத்தம் எடுத்து ஆன்டிபாடி ஏறுதானு பாக்கணும், நம்ம ஜனம் காய்ச்சல் விட்டா திரும்பி வருமா?

கொடுங்கையூர்_ரேவதி:
சரி, நாய் உண்ணிய மட்டும் புடிச்சு டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடாதா?

மாதவரம்_வெட்:
அதுல ஒரு வில்லங்கம். நாய் மேல இருந்து எடுக்குற உண்ணி வயிறு முட்ட ரத்தம் குடிச்சிருக்கும், அத அரைச்சு ஆர்டி பிசிஆர் போட்டு வைரஸ் வந்தா அது உண்ணியோடதா நாயோடதானு எப்படி சொல்றது? பத்து இருபது உண்ணிய ஒண்ணா சேத்து அரைக்கிறதால பாசிட்டிவ் வந்தாலும் அதுல எத்தனைல இருந்துச்சுனும் தெரியாது. அதனால பசியா இருக்குற உண்ணி வேணும். காட்டுல வெள்ளத் துணிய புல்லு மேல இழுத்துப் புடிப்பாங்க, நம்ம சந்துல துணிய இழுத்தா குப்பைதான் வரும். ட்ரை ஐஸ் வெச்சா அதுல வர்ற கார்பன் டை ஆக்ஸைடுக்கு மூச்சுனு நெனச்சு ஓடி வரும் (காசிமேட்டு ஐஸ் இல்ல, வேற ஐஸ்). செவுத்து வெடிப்புல இருந்தும் புடிக்கலாம்.

என்னைக் கேட்டா புளியந்தோப்புல கருத்தடைக்கு கொண்டு வர்ற தெரு நாய்ங்கதான் தங்கச் சுரங்கம், மயக்கத்துல இருக்கும்போதே உண்ணியும் ரத்தமும் எடுத்துடலாம். அதே தெருவுல காய்ச்சல் வந்தவங்க சேம்பிளும் சேத்துப் பாக்கணும், தனித்தனியா பாத்தா பாதி கதைதான். ஜப்பான்ல எஸ்எஃப்டிஎஸ்னு ஒரு உண்ணி வைரஸ், உண்ணி கடிச்சு நோயான பூனை, நாய்கிட்ட இருந்தே மனுஷனுக்கு வந்திருக்கு, அங்க வெட் டாக்டருங்களுக்கே வந்துச்சு.

ராயபுரம்_பாய்ஸ்:
யப்பா வவுத்த கலக்குதுபா. செவுத்துல ஏறுறத இன்னா பண்றது?

மாதவரம்_வெட்:
நாய் மேல இருக்குறது கொஞ்சம்தான்ணே, மிச்சம் வீட்டுலதான். ஒரு பொட்டை உண்ணி கீழ எறங்கி வெடிப்புல ஆயிரக்கணக்குல முட்டை போடும். அதனால நாய்க்கு டாக்டர் சொல்ற மாத்திரையோ மருந்தோ, கூடவே வெடிப்ப அடைச்சு மருந்து அடிக்கணும், ரெண்டும் ஒரே சமயத்துல. வீட்ல பூனை இருந்தா நாய் மருந்த அது மேல தடவிடாதீங்க, சிலதுல பெர்மெத்ரின் இருக்கும், பூனை செத்துடும்.

கொடுங்கையூர்_ரேவதி:
அப்டேட். அப்பா இடுப்புல லுங்கி முடிச்சு போடுற எடத்துல காஞ்ச தழும்பு இருக்கு, வேர்க்குருனு நெனச்சு சொறிஞ்சாராம். பின்னாடி காலி மனைல முள்ளு வெட்டப் போனதும் இப்பதான் வாய்ல வருது. ராக்கிய சனிக்கிழம வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறேன். அம்மா இன்னும் எறங்கி வரல, அதுவரைக்கும் மொட்டை மாடில கட்டச் சொல்லிட்டாங்க.