நோயாளியைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடித்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பரவுமா?

தேன்மொழி (கேள்வி):
ஒரே அறையில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது. அறையில் கொசுவும் உண்டு, மூட்டைப்பூச்சியும் உண்டு. ரத்தம் குடித்து வயிறு சிவந்த கொசு அடுத்த நிமிடமே பக்கத்தில் படுத்திருப்பவரைக் கடித்தால் வைரஸ் போய்ச் சேராதா? ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் பரவுகிறது, கொசுவும் ஊசி போலத்தானே குத்துகிறது? டெங்கு மட்டும் எப்படிப் பரவுகிறது? எச்.ஐ.வி.க்கும் இதே பதில்தானா? கொசுவை அடித்து அதன் ரத்தம் கையில் பட்டால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

கரிகாலன்:
பரவாது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றுக்கும் இதே பதில்தான்.

கொசுவின் வாய் வெளியே ஒரே குழலாகத் தெரிந்தாலும் உறைக்குள் ஆறு மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. நான்கு தோலைத் துளைத்து வழி செய்கின்றன. ஒன்றின் வழியே ரத்தம் மேலே ஏறுகிறது. மற்றொன்றின் வழியே உமிழ்நீர் கீழே இறங்குகிறது. அடுத்தவரைக் கடிக்கும்போது கொசு உள்ளே விடுவது தன் உமிழ்நீரைத்தான், முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. சிரிஞ்சில் உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே துவாரம், அதிலும் மிச்ச ரத்தம் தங்கும். வித்தியாசம் அங்கேதான்.

எனவே கொசு வழியே பரவ வேண்டுமானால் வைரஸ் உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டியாக வேண்டும். டெங்கு வைரஸ் கொசுவின் குடல் சுவரில் புகுந்து பெருகி, அங்கிருந்து சுரப்பிக்குப் போகிறது. இதற்குச் சுமார் 8 முதல் 12 நாள் பிடிக்கும். அதுவரை அந்த ஏடிஸ் கொசு கடித்தாலும் டெங்கு வராது. அதன் பிறகு சாகும்வரை பரப்பும். எச்.ஐ.வி. தொற்றிக்கொள்ள, மேற்பரப்பில் சிடி4 என்ற புரதம் உள்ள மனித செல் வேண்டும். கொசுவின் குடலில் அது கிடையாது, ஓரிரு நாளில் ரத்தத்தோடு சேர்ந்து வைரஸும் செரித்துப் போகும். ஹெபடைட்டிஸ் பி, சி கல்லீரல் செல்லில் பெருகுபவை, கொசுவுக்குள் அவற்றுக்கு வேலையில்லை.

நிலவன்:
கரிகாலன் சொன்னது சரி. ஆனால் வாயில் ஒட்டிய ரத்தத்தால் எந்த வைரஸும் பரவாது என்று பொதுவிதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகை நோயின் வைரஸ் எச்.ஐ.வி.யின் உறவுக்காரன்தான், அது குதிரை ஈ வழியே பரவுகிறது. அந்த ஈ கத்திரி போலத் தோலை அறுத்து, கசியும் ரத்தத்தை நக்கிக் குடிக்கும். வலி தாங்காமல் குதிரை உதறும், ஈ பாதியில் எழுந்து பக்கத்துக் குதிரைக்குத் தாவும். நோயுற்ற குதிரையை மற்றவற்றிலிருந்து சுமார் 180 மீட்டர் தள்ளிக் கட்டுவது இதற்காகவே.

எச்.ஐ.வி.யில் இது ஏன் நடப்பதில்லை? குதிரை ஈயின் வாயில் ஒட்டும் ரத்தம் சுமார் 10 நேனோலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் 10 லட்சம் நேனோலிட்டர். மில்லிலிட்டருக்கு 1 லட்சம் வைரஸ் உள்ளவரின் ரத்தத்திலிருந்து 10 நேனோலிட்டர் எடுத்தால் அதில் இருப்பது சராசரியாக ஒரே ஒரு வைரஸ், அதுவும் தொற்றும் நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கொசுவின் வாயில் ஒட்டுவது அதைவிடவும் மிகக் குறைவு. நோய் முற்றிய குதிரையின் ரத்தத்திலோ வைரஸ் பல மடங்கு இருக்கும்.

தேன்மொழி:
இதே கணக்கை ஹெபடைட்டிஸ் பி-க்குப் போட்டால்? அதில் வைரஸ் எண்ணிக்கை கோடிக்கணக்கில் என்கிறார்களே. மூட்டைப்பூச்சி பற்றியும் யாரும் சொல்லவில்லை.

செந்தாமரை:
நல்ல கேள்வி. அந்தக் கணக்கு ஹெபடைட்டிஸ் பி-யில் நம்மைக் காப்பாற்றாது. சிலருக்கு மில்லிலிட்டருக்கு 100 கோடி வரை வைரஸ் இருக்கும், 10 நேனோலிட்டரிலேயே பத்தாயிரம் வந்துவிடும். மூட்டைப்பூச்சியின் உடலில் இந்த வைரஸின் மேலுறைப் புரதம் வாரக்கணக்கில் தங்குவதும் உண்மை. பெருகுவதில்லை, தங்குகிறது. அதனால் சந்தேகம் நியாயமானதே.

விடை களத்தில் கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் குழந்தைகள் உள்ள வீடுகளில் மருந்தடித்து மூட்டைப்பூச்சியை வெகுவாகக் குறைத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றுவது குறையவே இல்லை. 1994இல் வெளியான முடிவு இது. எச்.ஐ.வி.க்கு வயதே சாட்சி. 1980களில் ஃபுளோரிடாவின் பெல் கிளேடு ஊரில் எய்ட்ஸ் அதிகமானபோது பழி கொசு மேல் விழுந்தது. கொசு வயது பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் தொற்று இருந்தது பாலுறவு, ஊசி வழி ஆபத்து உள்ள வயதினரிடமே, சிறுவர்களிடமும் முதியவர்களிடமும் இல்லை.

அந்த அறையில் உண்மையில் கவனிக்க வேண்டியவை ரேஸர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, குளுக்கோஸ் பார்க்கும் ஊசி. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் தொற்றும் தன்மையோடு இருக்கும். ஆகவே இவற்றைப் பொதுவில் வைக்கவே கூடாது. ரத்தம் சிந்தினால் கையுறை போட்டுத் துடைத்துவிட்டு, ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து அந்த இடத்தில் ஊற்றி, 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். கூடத் தங்குபவர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். தொற்று இல்லையென்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசி. கடைசி ஊசி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்தால் பலித்ததா என்று தெரியும்.

அடித்த கொசுவின் ரத்தம் பட்டால் சோப்பு, தண்ணீர் போதும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையில்லை. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் அந்த மருந்து, ஊசி குத்தியது போன்ற உண்மையான ஆபத்துக்கு மட்டும். கடித்த இடத்தை நகத்தால் கீறிப் புண்ணாக்காதீர்கள், அதில் சீழ் வைப்பதுதான் அடிக்கடி நடக்கிறது.

கரிகாலன்:
ஒன்று விட்டுப்போனது. அறையில் ஒருவருக்கு டெங்கு வந்தால் அவரைத்தான் முதலில் வலைக்குள் படுக்க வையுங்கள், பகலிலும். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. காய்ச்சலின் முதல் வாரத்தில் அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கும், அதைக் குடிக்கும் கொசு அடுத்த வாரம் மற்றவர்களுக்குக் கொடுக்கும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.