ரெசின் படைவீரர் கிட்: பெட்டியைத் திறந்ததும் எங்கே பார்ப்பீர்கள்?

ரெசின் என்ற பிளாஸ்டிக் திரவத்தை ஊற்றி வார்த்த, நாமே ஒட்டி வண்ணம் தீட்டும் சிறு படைவீரர் உருவங்களைப் பற்றிய பேச்சு இது. பெட்டி மேல் இருக்கும் படம் பெயின்ட் அடித்தவரின் கைத்திறன். உள்ளே இருக்கும் வார்ப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதனால் திறந்ததும் நான் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, துப்பாக்கியைத்தான் எடுப்பேன்.

ஆட்களில் நெட்டையும் உண்டு, குட்டையும் உண்டு. உருவம் சிறுத்திருந்தால் ஆள் கொஞ்சம் குள்ளம் என்று விட்டுவிடலாம். ரைபிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு ஏறக்குறைய 113 செ.மீ. நீளம். 1/35 அளவில் (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு) 32 மி.மீ., 1/16 என்றால் 71 மி.மீ. அருகில் வரவேண்டும். ஜெர்மன் கார் 98கே ரைபிள் 111 செ.மீ., 1/35இல் 32க்குக் கொஞ்சம் குறைவு. வெர்னியர் காலிப்பர் என்ற நுட்ப அளவுகோல் வைத்தால் ஒரு நிமிஷ வேலை.

சமீபத்தில் கைக்கு வந்தது 1/16இல் ஒரு பிரிட்டிஷ் காலாட்படை வீரர், 1940 டன்கிர்க். நீளம் சரியாக இருந்தது. ஆனால் ரைபிள் முனையில் குழல் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது நம்பர் 4 ரைபிளின் அடையாளம். 1940இல் பிரான்சில் இருந்த படையின் கையில் இருந்தது நம்பர் 1 மார்க் 3. அதன் முனை மழுங்கலாக, மூக்கை வெட்டிவிட்டாற்போல் இருக்கும். நார்மண்டி 1944 என்று போட்டிருந்தால் இதே ரைபிள் பொருத்தம்தான். இவ்வளவுக்கும் அந்தக் கிட்டின் வார்ப்பு அருமை. விரலுக்கும் ரைபிள் கட்டைக்கும் நடுவே பிசிறே இல்லை, தொப்பியின் உள்பக்கத் தோல் பட்டைகூடத் தெளிவாக விழுந்திருந்தது. வார்த்தவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிற்பி வரலாற்றைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். இரண்டையும் தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்.

*

அண்ணா, நான் முதலில் தேடுவது ரெசின் ஊற்றிய இடத்தில் ஒட்டிக்கொண்டு வரும் கட்டியை. அது எங்கே இருக்கிறது என்பதிலேயே வார்த்தவரின் அக்கறை தெரிந்துவிடும். பூட்ஸ் அடியில் இருந்தால் நிம்மதி, அறுத்த தழும்பு தரைக்குள் மறைந்துவிடும். எனக்கு ஒருமுறை வந்த கிட்டில் கட்டி சட்டைக் காலர் மேலேயே இருந்தது. அதை அறுத்தால் காலர் மடிப்பும் சேர்ந்து போகும், பிறகு புட்டி வைத்துச் செதுக்கித்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அப்புறம் காற்றுக்குமிழி. வெளிர் மஞ்சள் ரெசினில் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். காது மடல், மூக்கு நுனி, பாக்கெட் மூடியின் கீழ்விளிம்பு என்று காற்று மாட்டிக்கொள்ளும் இடங்களில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். முதுகில் இருந்தால் ஒரு சொட்டு புட்டி போதும். மூக்கில் இருந்தால் நான் தலையையே மாற்றிவிடுவேன், ஹார்னெட் கம்பெனி தனியாக விற்கும் தலைகள் இருக்கவே இருக்கின்றன. ஆல்பைன் கம்பெனி கிட்டுகளில் இரண்டு தலை வைத்தே தருகிறார்கள், அந்தப் பழக்கத்தை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்.

பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) வளைந்து வந்ததற்காக மட்டும் யாரும் கிட்டைக் குறை சொல்லாதீர்கள். கொதித்து இறக்கிய தண்ணீரில் சிறிது நேரம் போட்டு, நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் முக்கினால் நேராகிவிடும்.

*

துப்பாக்கியை அளக்கச் சொன்னது எனக்கு வேறு விதத்தில் உதவியது. விலை பாதிக்கும் கீழே என்று ஆன்லைனில் ஒரு 1/16 ஜெர்மன் வீரர் வந்தது. கார் 98கே 69 மி.மீ. இருக்க வேண்டும், 68ஐக்கூடத் தொடவில்லை. அளவு குறைந்தாலே திருட்டு நகல் என்று சொல்லிவிட முடியாது, சிற்பியே கொஞ்சம் சிறிதாகச் செய்திருக்கலாம். அதனால் பட்டன்களைப் பார்த்தேன். விளிம்பே இல்லை, கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தன. பெல்ட் பக்கிளில் கழுகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு மட்டும். இரண்டும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். வார்த்து வந்ததையே மாதிரியாக வைத்து மறுபடி மோல்டு (வார்ப்பு அச்சு) எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுருங்கும், கூர்மையும் போகும்.

பட்டன் மழுங்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலிகோன் மோல்டு நிறைய வார்ப்புக்குத் தாங்காது, தேய்ந்த மோல்டில் ஊற்றினால் அசல் கிட்டுமே இப்படி வரலாம். ஆனால் அப்போது நீளம் குறையாது. இதை வைத்துத்தான் நான் பிரித்துப் பார்க்கிறேன். நகல் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய சிற்பிக்கு அதில் ஒரு பைசாகூடப் போகாது.

*

நகலைத் திருப்பி அனுப்பச் சொன்னது ரொம்பச் சரி. 3டி பிரின்ட்டில் வரும் ரெசின் வீரர்களையும் இதே கண்ணோடு பாருங்கள். அதில் குமிழி இருக்காது, அதற்குப் பதிலாகத் தோள், தொப்பி உச்சி போன்ற சரிவான இடங்களில் படிப்படியாகக் கோடு இருக்கும். கிரே பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட் அடித்தால் தெளிவாகத் தெரியும். தேய்க்கும்போது ஈரத்தோடு தேய்யுங்கள், மாஸ்க்கும் போடுங்கள். எந்த ரெசின் தூளும் நுரையீரலுக்கு ஆகாது.