ஒன்றரை ஷிஃப்ட் உட்கார்ந்து தைப்பவர்களுக்கு இடுப்பு வலி: வயிற்றுத் தசைப் பயிற்சி எதைச் செய்வது?

பவர்டேபிள்_திருப்பூர்:

வணக்கம். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) டெய்லராக இருக்கிறேன். வயது 38. ஆர்டர் நெருக்கடி வந்தால் ஒன்றரை ஷிஃப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி ஆகிவிடும். சாய இடமில்லாத ஸ்டூல், கண் முழுக்க ஊசி மேல், முதுகு வளைந்தே கிடக்கும்.

போன தீபாவளி ஆர்டர் சமயத்திலிருந்து இடுப்புப் பூட்டில் வலி. காலுக்கு இறங்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "எலும்பில் ஒன்றுமில்லை, தசையில்தான் பலமில்லை, கோர் பயிற்சி, அதாவது வயிறு, இடுப்பைச் சுற்றியுள்ள தசைக்கான பயிற்சி செய்யுங்கள்" என்றார். எந்தப் பயிற்சி என்று விவரமாகக் கேட்கமுடியவில்லை, வெளியே அவ்வளவு கூட்டம்.

யூடியூபில் பார்த்து, மல்லாந்து படுத்து எழுந்து உட்காரும் பயிற்சியைச் செய்தால் வலி கூடுகிறது. குப்புறப் படுத்து, முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகத் தூக்கிப் பிடிக்கிற பிளாங்க் போட்டால் கொஞ்ச நேரத்தில் இடுப்பு கீழே தொங்கிவிடுகிறது. இடுப்புக்கு பெல்ட் போட்டால் சுகமாக இருக்கிறது. அதையே போட்டுக்கொண்டு வேலை செய்யலாமா? இரண்டு குழந்தைகளும் சிசேரியன். அப்போது முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓவர்லாக்_அக்கா:

தங்கச்சி, பயிற்சி ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் ஸ்டூலைப் பார். முட்டியைவிட இடுப்பு கொஞ்சம் மேலே இருக்கிற மாதிரி உயரம் வை. வெட்டுத்துணியை மடித்து உட்காரும் இடத்தின் பின்பாதியில் போட்டால் இடுப்பு தானாக நிமிரும். ஒவ்வொரு துணிக்கட்டு தைத்து முடியும்போதும் எழுந்து நில். அடுத்த கட்டை நீயே போய் எடுத்துவா, துணி எடுத்துக் கொடுக்கிற கைமடிக்கு (உதவியாளுக்கு) வேலை கொடுக்காதே. எங்கள் லைனில் இப்போது நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறோம்.

பிசியோ_கொங்கு:

சகோதரி, அக்கா சொன்னது அத்தனையும் சரி. பயிற்சியைப் பற்றி நான் சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் தையல், செக்கிங், அயர்னிங் வேலைக்காரர்கள்தான்.

எழுந்து உட்காரும் பயிற்சியை இன்றே விட்டுவிடுங்கள். நாளெல்லாம் முன்னால் வளைந்தே இருக்கிற முதுகை அது இன்னும் வளைக்கிறது, முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்கின் மேல் அழுத்தமும் அதிகம். உங்கள் வயிற்றுத் தசைக்கு முதுகை வளைக்கிற வேலை வேண்டாம். கையும் காலும் அசையும்போது முதுகை அசையாமல் பிடித்து வைக்கிற வேலைதான் வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகுத்தண்டைப் பல காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் இதற்காக மூன்று பயிற்சிகளைத் தேர்ந்தெடுத்தார். நான் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இரண்டு கை விரல்களையும் இடுப்பின் பக்கவாட்டில், விலா எலும்புக்குக் கீழே அழுத்தி வைத்து ஒரு தடவை இருமுங்கள். விரலுக்கடியில் தசை கெட்டியாகி வெளியே தள்ளும். அந்தக் கெட்டியை, இருமாமல், மூச்சை அடக்காமல், பாதியளவுக்கு வரவழைக்கப் பழகுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். உங்கள் பெல்ட் வெளியிலிருந்து செய்வதை இந்தத் தசை உள்ளிருந்து செய்யும். பெல்ட் தவறில்லை, வலி அதிகமான நாளில் போடுங்கள். அதையே நம்பியிருந்தால் தசைக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

முதல் பயிற்சி: மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டுங்கள். இரண்டு உள்ளங்கையையும் இடுப்பு வளைவுக்கு அடியில் வையுங்கள். அந்த வளைவு தட்டையாகக் கூடாது. தலையையும் தோளையும் தரையிலிருந்து லேசாக மட்டும் தூக்குங்கள். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் தூக்கியதே தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது: ஒருக்களித்துப் படுத்து, முழங்கை நேராகத் தோளுக்கு அடியில். முட்டியை மடக்கி, முட்டியை ஊன்றியபடி இடுப்பைத் தூக்குங்கள். பிளாங்க்கில் தொங்குகிற இடுப்பு இதில் தொங்காது. இரண்டு பக்கமும் செய்ய வேண்டும்.

மூன்றாவது: குழந்தை தவழ்கிற மாதிரி கையும் முட்டியும் ஊன்றி, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டுங்கள். அப்புறம் மாற்றி. நிறையப் பேர் காலை மேலே மேலே தூக்குவார்கள், இடுப்பு ஒரு பக்கம் சரிந்துவிடும். நீங்கள் துணி அளக்கும் மர ஸ்கேலை இடுப்பின் குறுக்கே வைத்துப் பாருங்கள். அது விழாமல் எவ்வளவு நீட்ட முடிகிறதோ அதுதான் உங்கள் அளவு. கால் தரையை விட்டு நாலு விரற்கடைதான் எழுகிறது என்றாலும் சரி, ஸ்கேல் நிற்க வேண்டும்.

எதிலும் 10 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் 6 தடவை, சற்று ஓய்வு, அப்புறம் 4, அப்புறம் 2. பலம் வந்தால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், விநாடியைக் கூட்டாதீர்கள். நீண்ட நேரம் பிடித்தால் தசை களைத்து உடம்பை வைத்திருக்கும் நிலை கெடும், பாரம் மறுபடி டிஸ்க்குக்கே போகும்.

முதுகு ஊசியைக் குறை சொல்ல வேண்டாம். போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், ஆனால் அது வருஷக்கணக்கில் இடுப்பு வலி கொடுக்கும் என்று ஆய்வுகள் காட்டவில்லை.

பவர்டேபிள்_திருப்பூர்:

ரொம்ப நன்றி ஐயா. இவ்வளவு பொறுமையாக யாரும் சொன்னதில்லை. வேலைக்குப் போவதற்கு முன் காலை ஐந்து மணிக்குத்தான் எனக்கு நேரம். எழுந்ததும் வாசல் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டுச் செய்யலாமா? இன்னொன்று, முதல் பயிற்சியில் தலையைத் தூக்கும்போது தொப்புளுக்கு மேலே நடுவில் ஒரு மேடு எழுகிறது.

பிசியோ_கொங்கு:

இரண்டும் நல்ல கேள்வி. அந்த மேட்டைப் பார்த்தால், கர்ப்பத்தின்போது விலகிய வயிற்றுத் தசை சரியாகச் சேரவில்லை என்று தோன்றுகிறது. ஹெர்னியாவாகவும் (குடலிறக்கம்) இருக்கலாம். ஒரு பிசியோதெரபிஸ்டோ டாக்டரோ கைவைத்துப் பார்க்கும்வரை முதல் பயிற்சியை நிறுத்திவையுங்கள். மற்ற இரண்டையும் மேடு எழாத அளவுக்குச் செய்யலாம்.

ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும், காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருப்பதே அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க்குக்குச் சுமை அதிகம். விடியற்காலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு இடுப்பு வலி குறைந்ததாக 1998-இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது. ஆகவே நீண்ட கைப்பிடித் துடைப்பம் வாங்குங்கள், கோலத்தைக் கொஞ்ச நாள் வேறு யாராவது போடட்டும். தண்ணீர்க் குடத்தையும் அப்போது தூக்க வேண்டாம். சமையல் வேலை முடித்து, உடம்பு அசைந்த பிறகு பயிற்சி செய்யுங்கள். முடியாவிட்டால் சாயங்காலம்.

மூத்திரம் போவதில் தடை, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் இழுப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓவர்லாக்_அக்கா:

ஐயா, அந்த ஸ்கேல் பயிற்சியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலேயே செய்யலாமா? தரையில் அட்டை விரித்தால் இடம் இருக்கிறது.

பிசியோ_கொங்கு:

தாராளமாக. சாப்பிடுவதற்கு முன் செய்யுங்கள். முட்டிக்கு அடியில் மட்டும் துணியை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.